பேனர் கூரைமேல், வாயு வண்டிக்குள்

என் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. ஓட்டுநர் தனசேகர் கொடுத்தது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு பை எலுமிச்சையைக் கியருக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். தலை சுற்றினால் நகத்தால் கீறி முகர வேண்டும். நானும் கீறிக் கீறி முகர்ந்துகொண்டிருந்தேன். தோல் முழுக்க என் நகத்தடம் பதிந்துவிட்டது. தலைச்சுற்றல் மட்டும் போகவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை. எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே மலை தெரியவில்லை. வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் பனிமூட்டம்.

முன் இருக்கையில் என் மகளின் ஆராய்ச்சி வழிகாட்டியான பேராசிரியர். நடு இருக்கையில் நான். கடைசி இருக்கையில் என் மகள் ரெஜினா, அவளுக்குப் பின்னால் இருந்த இரண்டு தெர்மாகோல் பெட்டிகளுக்குக் காவலாக.

பேராசிரியர் பேசிக்கொண்டே வந்தார். "இந்தக் கார்பன் டை ஆக்சைடு இருக்கே மேடம், பச்சைக் குழந்தை மாதிரி. யாரையும் ஒண்ணும் பண்ணாது. உலகமே இனிமே இதை வெச்சுத்தான் மருந்து செய்யப்போகுது. நான் அன்னைக்கே சொன்னேன்."

அந்தப் பச்சைக் குழந்தை அந்த நேரத்தில் எங்கள் நால்வரையும் கொன்றுகொண்டிருந்தது. ஆயுள் முழுக்க அதைப் பற்றிப் பாடம் நடத்தியவருக்கு அது தெரியவில்லை.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் பயந்த சுபாவம் என்பது தெரியும். கள்ளக்குறிச்சியில் கிளை நூலகராக இருக்கும் நான், மகளை விடுதிக்கு அனுப்பிவிட்டுப் பேருந்து நிலையத்திலேயே அரைநாள் உட்கார்ந்திருந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்த வாரமும் சிரிக்க ஒரு பேராசிரியரைக் கொடுத்திருக்கிறேன்.

வைக்கோல் வாசனை

ரெஜினா வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். தொடக்கத்தில் அவள் வேலை செய்தது பாஸ்ஜீன் என்ற வாயுவோடு.

அவள் எனக்கு விளக்கியதை என் புத்திக்கு எட்டியவரை எழுதுகிறேன். பெரிய மூலக்கூறுகளைக் கட்டும்போது, நடுவில் ஒரு கரி அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த சின்னத் துண்டு ஒன்றைச் செருக வேண்டியிருக்குமாம். மெத்தைக்குள் இருக்கும் நுரை, தலைக்கவசத்தின் முன்கண்ணாடி, பூச்சிமருந்து, சில மாத்திரைகள் எல்லாவற்றிலும் அந்தத் துண்டு இருக்கிறது. தொழிற்சாலைகளில் அதைக் கொண்டுவந்து கொடுக்கும் வேலையைப் பெரும்பாலும் பாஸ்ஜீன்தான் செய்கிறது. உலகப் போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்படுத்தினார்களே, அதே வாயு.

"மூச்சுல போச்சுன்னா அப்ப ஒன்னும் தெரியாதும்மா. சாப்புட்டு, சிரிச்சி, பேசிக்கினு இருப்போம். அப்புறமாத்தான் நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்" என்றாள். மாட்டுக்குத் தவிடு வைப்பதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

"வாசனையாவது தெரியுமா?"

"தெரியும். புதுசா அறுத்த புல்லு, வைக்கோல் மாதிரி இருக்குமாம். லேப்ல அந்த வாசன வந்தா எதையும் எடுக்காம ஓடணும்."

நான் களமருதூர்க்காரி. நெல் அடித்த களத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். எனக்கு உலகத்தில் பிடித்த வாசனை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்றோடு அதுவும் போயிற்று. அறுப்புக் காலத்தில் பேருந்து ஜன்னல் வழியாக வைக்கோல் வாசனை வந்தால் கைப்பையில் போனைத் தேடுவேன்.

ஆகவே, பாஸ்ஜீனை விட்டுவிட்டு அதே வேலையைக் கரியமில வாயுவால் செய்யும் ஆராய்ச்சிக்கு மாறப்போவதாக அவள் சொன்ன அன்று, எங்கள் ஊர் மாதா கோயிலில் ஒரு பெரிய மெழுகுவத்தி ஏற்றினேன். அவளுடைய அறையில் இனிமேல் இருக்கப்போவது நாம் மூச்சில் விடும் காற்று. ஒரு தாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சோடா ஆராய்ச்சி

களமருதூரில் என் அண்ணன் ஆரோக்கியசாமி இந்தச் செய்தியைக் கேட்டு அடைந்த ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. மருமகள் விஷ வாயுவோடு விளையாடுகிறாள் என்று டீக்கடையில் பெருமை பேசிக்கொண்டிருந்தவர் அவர்.

"இன்னா கண்ணு, சோடாவுல கீதே, அந்த வாயுவா?"

"ஆமா மாமா."

"அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ படிப்பு? உளுந்தூர்பேட்டைல சோடாக் கடைக்காரன் எழுதப் படிக்கத் தெரியாதவன். அவன்கிட்டயே கத்துக்கினு இருக்கலாமே. வூட்டுக்கும் கிட்ட."

"நடவு முடிஞ்சதும் வயல்ல வெள்ளையா தூவுறீங்களே, யூரியா. அது எதுல செய்றாங்கன்னு தெரியுமா? இந்தச் சோடா வாயுவையும் அமோனியாவையும் சேத்துத்தான்."

"அடிப் பாவி. அப்ப இத்தினி நாளா சோடாவுக்கா மூட்ட தூக்கிக்கினு கெடந்தேன்?"

"அது ஒன்னுதான் சுலபம் மாமா. மத்தபடி இது சோம்பேறி வாயு. எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி. எதோடயும் சேராது, சும்மா படுத்துக்கினு கெடக்கும். அதைத் தட்டி எழுப்பி வேலைக்கு அனுப்ப ஒரு ஆளு வேணும். வினையூக்கின்னு பேரு. அந்த ஆளத்தான் தேடிக்கினு இருக்கேன்."

சமையல்கட்டிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். "ஆளு கெடச்சா முதல்ல இங்க அனுப்பு கண்ணு. உங்க மாமாவ எழுப்பணும்."

இவ்வளவு எளிதாக என் அண்ணனுக்கே புரிய வைக்க முடிந்த ஒரு விஷயத்தைத்தான் பேராசிரியர் தன் பெயருக்குப் பின்னால் ஒரு வரி நீளத்துக்குப் பட்டங்களைப் போட்டுக்கொண்டு குழப்பிக்கொண்டிருந்தார்.

சாமான் அறை

ஒருமுறை அவள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பாஸ்ஜீன் வைத்திருந்த அறை இருந்தது ஒரு அரண்மனைபோல. காற்றை இழுத்து மாடிக்கு மேலே துப்பும் பெரிய புகைக்கூண்டு. வாயு கசிந்தால் அலறும் மணி. சட்டையில் குத்திக்கொள்ள, நிறம் மாறும் வில்லை. தனியாக யாரும் உள்ளே போகக்கூடாது என்று சிவப்பில் எழுதிய பலகை.

கரியமில வாயு வேலைக்குக் கொடுத்திருந்தது பழைய சாமான் அறை. உடைந்த நாற்காலிகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, ஆளுயர உருளைகளை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் இல்லை. மின்விசிறி போட்டால் தராசு ஆடுகிறது என்று அதையும் நிறுத்திவைத்திருந்தார்கள்.

"ஜன்னலே இல்லையே சார்" என்றேன்.

பேராசிரியர் சிரித்தார். பயந்த அம்மாக்களுக்கென்று அவர் தனியாக வைத்திருக்கும் சிரிப்பு. "மேடம், இது நீங்களும் நானும் விடற மூச்சு. இதுக்கு எதுக்கு ஜன்னல்?"

மூத்திரமும் நாம் விடுவதுதான், அதற்காக அதிலேயே உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கலாம். நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் பேருந்து ஏறிய பிறகுதான் வரும்.

வரும் வழியில் ரெஜினாவிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "புலிய வளத்த எடத்துல இப்ப நாய வளக்குறோம்மா. நல்ல விஷயந்தான். ஆனா நாய்க்கும் பல்லு இருக்கு. அத சொன்னா சார் கேக்கல."

பேனருக்குக் கிடைத்த இடம்

வெள்ளிமலைப் பக்கத்தில் மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் அறிவியல் நிகழ்ச்சி. 'ஆபத்தில்லா வேதியியல்' என்று தலைப்பு. பேச்சு பேராசிரியர். செய்முறை ரெஜினா. செய்முறைக்காகத் தெர்மாகோல் பெட்டிகளில் டிரை ஐஸ் வந்திருந்தது. கரியமில வாயுவையே உறைய வைத்த கட்டி அது. உருகித் தண்ணீர் ஆகாது. நேராக வாயுவாகிப் போய்விடும்.

விடுப்பில் வந்திருந்தவளை மழையில் மலைப்பாதையில் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. ஒட்டிக்கொண்டேன். "பிரசங்கம் பண்ற எடத்துக்குக் கூடவா அம்மாவ கூட்டிக்கினு போறா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

பெட்டிகள் பட்டணத்திலிருந்து ஒரு திறந்த சரக்கு வண்டியில் வந்தன. அந்த வண்டியே மலைக்கும் ஏறுவதாக ஏற்பாடு. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருமுனைக்கு வந்ததும் அதற்குக் கிளட்ச் போய்விட்டது. பெட்டிகளைப் பேராசிரியர் வந்த ஏசி வண்டிக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

"சார், மேல கேரியர்ல வெச்சுக் கட்டிடலாம். தார்ப்பாய் எங்க வூட்லயே இருக்கு" என்றாள் ரெஜினா.

"கேரியர்ல பேனர் இருக்கே."

இருந்தது. நீளமாகச் சுருட்டி, பிளாஸ்டிக் சுற்றி, புதுக் கயிற்றால் கட்டியிருந்தது. அதில் மூலக்கூறின் படம் கைக்குட்டை அளவும், பேராசிரியரின் படம் கதவளவும் இருக்கும் என்பதைப் பிறகு பார்த்தேன்.

"பேனரை உள்ள வெச்சுக்கலாம் சார்."

"மடிஞ்சா கோடு விழும்மா. முகத்துக்கு நடுவுல கோடு விழுந்தா நல்லாவா இருக்கும்?"

பெட்டிகள் வண்டிக்குள் போயின. தனசேகர் மூடியை டேப் போட்டு ஒட்டப் போனார். ரெஜினா தடுத்தாள். இறுக்கி மூடினால் உள்ளே வாயு சேர்ந்து பெட்டி வெடிக்குமாம். மூடி தளர்வாகவே இருக்க வேண்டும். அதனால்தான் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

"சார், ரெண்டு கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வெச்சுக்கலாம்."

"மழையிலயா? கோட்டு நனைஞ்சா மேடையில எப்படி நிக்கறது? ஏசிதான் ஓடுதே, காத்துக்கு என்ன குறை?"

அந்த ஏசி வெளிக்காற்றை எடுக்காமல் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பும்படி வைத்திருந்தது. அந்தப் பொத்தானை அவர்தான் அழுத்தினார். மலையில் குளிரக்கூடாதாம்.

ரெஜினா இன்னொரு முறை சொன்னாள். அவர் திரும்பிப் பார்த்தார். கைடு திரும்பிப் பார்த்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவள் கடைசி இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆளுக்கொரு காரணம்

வளைவுகள் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை கனத்தது. மலை என்று நினைத்தேன். மலையில் ஏறினால் தலை சுற்றும், இது எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கும் தெரியும். பேருந்தில் ஏறும்போதே எலுமிச்சையும் பிளாஸ்டிக் பையுமாக ஏறுகிற ஜனங்கள் நாங்கள். தலைச்சுற்றலுக்கு வேறு காரணம் இருக்கும் என்று கல்வராயன் மலைப்பாதையில் யாரும் யோசிக்க மாட்டோம்.

தனசேகர் கொட்டாவி மேல் கொட்டாவி விட்டார். "நேத்து கல்யாண ட்ரிப்புக்கா. தூக்கமே கெடையாது" என்றார்.

பேராசிரியர் நெற்றியைத் தேய்த்தார். காலையில் சாப்பிடாததால் என்றார். பையிலிருந்து தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்று நீட்டினார். அந்த மாத்திரைக்கு மூலமான அமிலத்தையும் கரியமில வாயுவைக் கொண்டுதான் நெடுங்காலமாகச் செய்கிறார்கள் என்று ரெஜினா பிறகு சொன்னாள். வாயுவால் வந்த தலைவலிக்கு வாயுவால் செய்த மாத்திரை. பேராசிரியரின் ஆராய்ச்சி வாழ்க்கையில் உருப்படியாக நடந்த ஒரே செய்முறை இதுவாகத்தான் இருக்கும்.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். எல்லாமே நல்ல காரணங்கள். அதனால்தான் நால்வரில் ஒருவருக்கும் ஜன்னலைத் திறக்கத் தோன்றவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். ரெஜினா தூங்கியிருந்தாள்.

அவள் தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தூங்கினால் அவளுக்கு மூச்சே கேட்காது. கைக்குழந்தையிலிருந்து அப்படித்தான். மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்து அவளை வளர்த்தேன். இதற்காக என் மாமியாரிடம் வாங்காத பேச்சில்லை. இப்போதும் விடுமுறைக்கு வந்தால் அவள் தூங்கும்போது ஒருமுறை எட்டிப் பார்ப்பேன்.

அன்று அவள் ஓடி வந்தவளைப்போல் மூச்சு வாங்கிக்கொண்டே தூங்கினாள். வாய் திறந்திருந்தது. ஏசி குளிரில் நெற்றி முழுக்க வியர்வை.

சீட் கவர்

"தம்பி, வண்டிய நிறுத்துங்க."

"வளைவுல எப்படிக்கா நிறுத்தறது? மேல கரியாலூர் போய் டீக்கு நிறுத்தறேன்."

"கண்ணாடியையாவது எறக்குங்க." என் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். தனசேகர் பூட்டி வைத்திருந்தார்.

"மழை மேடம்" என்றார் பேராசிரியர்.

"என் பொண்ணு மூச்சு வாங்கறா சார்."

"தூங்கறா மேடம். ராத்திரியெல்லாம் சார்ட் எழுதினாளாம். கண்ணை மூடிக்கிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும். அம்மாக்களுக்கு இந்த டென்ஷன்தான் வியாதியே."

"ரெஜி!" என்று கூப்பிட்டேன். கையை நீட்டி உலுக்கினேன். தலை இந்தப் பக்கம் விழுந்தது. கண் திறக்கவில்லை.

அந்த வண்டியில் அழுகைக்கும் கெஞ்சலுக்கும் மதிப்பில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எதற்கு மதிப்பு என்பதும் தெரியும். வண்டி ஏறும்போதே தனசேகர் சொல்லியிருந்தார்: "பாத்து ஏறுங்கக்கா, நேத்துதான் சீட் கவர் போட்டேன்."

"தம்பி, வாந்தி வருது!" என்று கத்தினேன்.

எல்லாக் கண்ணாடிகளும் ஒன்றாக இறங்கின. பிரேக் கிறீச்சிட்டது. வண்டி மலையை ஒட்டி நின்றது. "யக்கா! யக்கா! வெளிய, வெளிய! உள்ள எடுத்துடாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!" என்று தனசேகர் இறங்கி ஓடிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

மழைக்காற்று முகத்தில் அறைந்தது. நான் இறங்கி ஓடிப் பின்கதவைத் தூக்கினேன். ஒரு பெட்டி வளைவில் கவிழ்ந்து மூடி கழன்றிருந்தது. கட்டிகள் இருக்கைக்கு அடியில், ஈர மிதியடியெல்லாம் சிதறிக் கிடந்தன. வெள்ளைப் புகை வண்டியின் விளிம்பைத் தாண்டி மெத்தென்று சாலையில் வழிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தனசேகரும் நானுமாக ரெஜினாவை இழுத்துச் சாலையோரக் கட்டையில் சாய்த்தோம். மழை அவள் முகத்தில் விழுந்தது. கன்னத்தில் அறைந்தேன். இன்னொரு முறை அறைந்தேன். இருமினாள். கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பின்கதவைப் பார்த்தாள், சிதறிய கட்டிகளைப் பார்த்தாள். வேதியியல் படித்தவள் அந்த ஒரு பார்வையில் கணக்கைப் போட்டு முடித்தாள்.

"சார எறக்குங்கம்மா" என்றாள். குரலே வரவில்லை. "தெறந்து போட்டுட்டு எல்லாரும் தள்ளி வாங்க."

பேராசிரியர் சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். தனசேகர் கழற்றி, கைத்தாங்கலாக இறக்கினார். அதன் பிறகு தானும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வாந்தி எங்கக்கா?"

"வரல தம்பி."

"எனக்குங் கூட கண்ணு இருட்டிக்கினுதான் வந்துது. நாந்தான் தூக்கம்னு நெனச்சேன்." அடுத்த வளைவை எட்டிப் பார்த்தார். அங்கே தடுப்புச் சுவர் இடிந்திருந்தது. அதற்கப்பால் மூட்டம் மட்டும்தான். அவர் அப்புறம் சீட் கவரைப் பற்றிப் பேசவே இல்லை.

பேராசிரியருக்குக் கொஞ்சம் தெளிந்ததும் முதலில் கோட்டை உதறினார். "ஆல்டிட்யூட்" என்றார். "உயரம் போகப் போக இப்படித்தான்."

இமயமலைக்கா ஏறிக்கொண்டிருந்தோம்? கல்வராயன் மலையில் தினை விதைக்கிறவர்கள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"டிரை ஐஸ் சார்" என்றாள் ரெஜினா.

அவர் தனசேகர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேல போய் இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். புராஜெக்டுக்குக் கெட்ட பேரு. உன் தீசிஸ் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

மூச்சு திரும்பி வந்த பெண்ணிடம் முதலில் பேச வேண்டிய விஷயம் அதுதான் போலிருக்கிறது.

எனக்கு ஒரு பயம் தீர்வதற்குள் இன்னொன்று பிடித்துக்கொண்டது. இவ்வளவு வருஷப் படிப்பு, ஒரு மனிதனின் கையெழுத்தில் தொங்குகிறது. அவள் தலையைத் துவட்டும் சாக்கில் காதோரம் சொன்னேன்: "வாய மூடிக்கினு இருந்துடு ரெஜி. கையெழுத்து ஆவட்டும்."

அவள் என் கையிலிருந்த எலுமிச்சையை வாங்கிக் கடித்தாள்.

அண்டா

கதவுகளை விரியத் திறந்து கட்டிகளைத் துணியால் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, பெட்டிகளைக் கூரையில் பேனர் பக்கத்தில் கட்டிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தோம். நனைந்து போனதற்காகப் பேராசிரியருக்குச் சால்வை போர்த்தினார்கள். பேனர் கோடு விழாமல் மேடையில் விரிந்தது.

அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நான் சொல்வதை நம்ப மாட்டீர்கள். அந்த மனிதர் பிள்ளைகளைப் பார்த்து இப்படிச் சொன்னார்: "இன்று காலை முழுவதும் இந்த வாயு என்னோடு ஒரே வண்டியில் பயணம் செய்தது. எனக்கு என்ன ஆயிற்று? பாருங்கள், உங்கள் முன்னால் நிற்கிறேன்!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் எழுந்து சமையற்கூடத்துப் பக்கம் போனாள்.

செய்முறை நேரம் வந்தது. சோப்புக் குமிழி விடுவாள், சுண்ணாம்புத் தண்ணீரைப் பால்போல் ஆக்குவாள் என்று அழைப்பிதழில் இருந்தது. அவள் ஒரு பெரிய சோற்று அண்டாவை இழுத்துவந்து மேடையின் நடுவில் வைத்தாள். அடியில் டிரை ஐஸ் கட்டிகளைப் போட்டு, வெந்நீர் கொஞ்சம் ஊற்றினாள். புகை பொங்கி அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி, ஏற்றி, மெல்ல உள்ளே இறக்கினாள்.

பாதி ஆழத்தில் சுடர் குறுகியது. அணைந்தது. யாரும் ஊதவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

"இந்த அண்டா, காலைல நாங்க வந்த வண்டி" என்றாள் ரெஜினா. "இந்த மெழுகுவத்தி, நான்."

பின்வரிசைப் பிள்ளைகள் பார்ப்பதற்காக எழுந்து நின்றார்கள்.

"இது நல்ல வாயுதான். மனுசன சாவடிக்கற வாயு செஞ்சிக்கினு இருந்த வேலைய, இத வெச்சுச் செய்யக் கத்துக்கினு இருக்கோம். அந்த வேலைய நான் விடப்போறதில்ல. ஆனா ஆபத்தே இல்லன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. சொல்றவங்க எவ்ளோ பெரியவங்களா இருந்தாலும், எந்திரிச்சுப் போய் ஜன்னலத் தெறங்க."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ரெட்டைச் சடை, நல்ல கணீர்க் குரல். "அக்கா, அப்ப சாருக்கு மட்டும் எப்படி ஒன்னும் ஆவல?"

"ஆச்சே. தலவலி வந்துது. மாத்திர போட்டாரு."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒன்னும் ஆவலன்னு சொன்னாரு?"

கூரை அதிரச் சிரிப்பு. ஆசிரியர்கள் அதட்டுவதற்குப் பதிலாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவர்களுக்கும் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. பேனரில் இருந்த பேராசிரியர் ஒருவர்தான் அந்த மேடையில் முகம் மாறாமல் இருந்தார்.

நான் சிரிக்கவில்லை. அணைந்த திரியிலிருந்து ஒரு நூல் புகை, அண்டாவுக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது

மிச்சக் கட்டிகளைப் பள்ளி மைதானத்தில் ஆளில்லாத மூலையில் கொட்டிக் கரைய விட்டாள். வெறும் பெட்டிகள் கூரைக்கு ஏறின. ஈரமான பேனர் பேராசிரியரின் மடிக்கு வந்தது.

மழை விடவில்லை. நான்கு கண்ணாடிகளும் முழுக்க இறங்கியிருந்தன. சாரல் அவர் கோட்டை நனைத்தது.

"ஏசி போடுப்பா" என்றார்.

"ரிப்பேரு சார்" என்றார் தனசேகர்.

"காலையில நல்லாத்தானே ஓடிச்சு?"

"மல சார். ஆல்டிட்யூடு."

அதன் பிறகு கள்ளக்குறிச்சி வரும்வரை குளிரில் நடுங்கிக்கொண்டே, காற்றை வயிறு நிரம்பக் குடித்துக்கொண்டு, நான் என் மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தேன். அவள் விடுவிக்கவில்லை.

இது நடந்து வெகு காலம் ஆகவில்லை. தீசிஸ் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. முதலில் மேற்கோள் குறிகள் சரியில்லை என்றார். இப்போது ஓரத்தில் விட்ட இடம் போதாது என்கிறார். அந்த மூளை இன்னும் எத்தனை குறை கண்டுபிடிக்குமோ, வேறெதையும் அது கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் சாமான் அறையின் சுவரை உடைத்து ஜன்னல் வைத்துவிட்டார்கள். காற்றை இழுத்து வெளியே தள்ளும் பெரிய விசிறி ஒன்றும் மாட்டியிருக்கிறார்கள். வெள்ளிமலைப் பேச்சு எப்படியோ பட்டணம்வரை போயிருக்கிறது. விசிறிக்குக் கீழே ஒரு சின்னப் பலகை, அதில் யாருடைய முயற்சியால் அது நிறுவப்பட்டது என்று எழுதியிருக்கிறதாம். யார் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெஜினா அங்கேதான் வேலை செய்கிறாள். வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் வர மாட்டாள், அவள் தேடும் ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

மற்ற அம்மாக்கள் போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். நான் கேட்பது வேறு. முதலில் சலித்துக்கொண்டாள். "ஓடிக்கினுதாம்மா இருக்குது, இன்னா நீ" என்பாள். இப்போது நான் கேட்பதற்கு முன்பே போனை விசிறிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிக்கிறாள். நூலகத்தில், பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்கிறேன். பிறகு இருவரும் வைத்துவிடுகிறோம்.